பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கமே கணக்குத் திறந்து காசு போட்டா எங்கட பக்கம் சரிவருமோ?

பதிந்தவர்: வட்டக்கச்சி ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில வட்டக்கச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறன், எங்கட மாதர் சங்கத்துக்கும் செயலாளர். போன ஒக்டோபரில இருந்து ஒரு விசயம் மனசுக்குள்ள கிடந்து அரிக்குது. இங்க வங்கியில வேலை செய்யிறாக்கள், வெளிநாட்டில இருக்கிறாக்கள், கம்பஸ் பிள்ளையள் எல்லாரும் இருக்கிறீங்கள் எண்டபடியாத்தான் கேக்கிறன்.

சிறுவர் தினத்தை ஒட்டி ஒரு வங்கியில இருந்து முன்பள்ளிக்கு வந்தவை. 500 ரூபாய் போட்டுப் பிள்ளையின்ர பேரில கணக்குத் திறந்தா ஒரு உண்டியலும் கலர்ப் பென்சில் பெட்டியும் தருவம் எண்டிச்சினம். என்ர வகுப்பில 23 பிள்ளை, 9 பேர் திறந்தவை. மிச்சம் 14 பேரும் அந்த 9 உண்டியலையும் பாத்துக்கொண்டு இருந்ததுகள். அதில ஒரு பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, தாய் நாட்கூலிக்கு வெங்காயத் தோட்டத்தில களை பிடுங்கப் போறவ. அது வந்து என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சு "ரீச்சர், என்ர எப்ப தருவினம்" எண்டு கேட்டுது. பிறகு எண்டு சொன்னன், வேற என்னத்தைச் சொல்லுறது. வங்கியில நான் பிழை சொல்ல வரேல்லை, அவை தங்கட வேலையைச் செய்யினம். ஆனா அந்த 9 பேரையும் எண்ணிப் பாத்தா 7 வீட்டில ஆரோ ஒராள் கனடாவிலயோ பிரான்சிலயோ இருக்கினம், மற்ற ரெண்டும் அரசாங்க உத்தியோகம். நாலு வயசிலயே கோடு விழுந்திட்டுது.

அண்டைக்கு இரவு போனில தேடினனான். சில நாடுகளில பிள்ளை பிறந்த உடன அரசாங்கமே கணக்குத் திறந்து காசு போட்டு 18 வயசு வரைக்கும் பூட்டி வைக்குதாம், சொத்து இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கத்தான் எண்டு போட்டிருந்துது. உண்மையில குறைஞ்சதோ? எங்கட அரசாங்கம் இப்பிடி ஒண்டு செய்யவேணும் எண்டு நாங்கள் கேக்கிறது நியாயமோ? இன்னொண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில படிச்சு வெளிநாட்டில இருக்கிற சிலபேர் எங்கட சங்கத்துக்குக் கொஞ்சக் காசு அனுப்ப விருப்பமா இருக்கினம். அதில சின்னப் பிள்ளையளுக்கு இப்பிடிக் கணக்குத் திறக்கலாமோ எண்டு யோசிக்கிறன், திறந்தா எல்லாருக்குமோ இல்லாட்டி அந்த 14 பேருக்கு மட்டுமோ எண்டுறதுதான் குழப்பம். தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

---

கிளிநொச்சி வங்கித் தம்பி

ரீச்சர், நான் கிளிநொச்சி ரவுணில ஒரு வங்கியில கவுண்டரில இருக்கிறன், அதனால என்ர கண்ணால பாக்கிறதை முதல் சொல்லுறன். சின்னப்பிள்ளைக் கணக்கு எண்டால் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் தாய் தகப்பன் இல்லாட்டிப் பாதுகாவலரின்ர அடையாள அட்டையும் காணும், 18 வரைக்கும் சும்மா எடுக்க ஏலாது, வருத்தம் படிப்பு எண்டு அத்தாட்சியோட வந்தா மட்டும் பாப்பினம். 18 முடிஞ்சதும் பிள்ளை தானே வந்து கையெழுத்து வைக்கவேணும். திறக்கிறது லேசு. ஆனா புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்தா கனபேரின்ர புத்தகத்தில ரெண்டே ரெண்டு வரிதான் இருக்கும், திறந்த அண்டைக்கு ஒண்டு, அடுத்த சித்திரை வருசத்துக்குக் கைவிசேஷக் காசு போட்டது ஒண்டு. காசு இருக்கிற வீட்டுப் புத்தகம் மட்டும் பக்கம் பக்கமாப் போகும்.

அடுத்தது விலைவாசி, இதைத்தான் ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. ரெண்டு வருசத்துக்கு முதல் புதுக்குடியிருப்பில இருந்து ஒரு ஐயா வந்தவர், மூண்டு சொப்பிங் பையை ஒண்டுக்குள்ள ஒண்டு போட்டு அதுக்குள்ள ஒரு பாஸ் புத்தகம். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில தன்ர மகளுக்கெண்டு திறந்ததாம். 2009 சண்டையில மாத்தளனுக்கும் பிறகு மெனிக்பாம் முகாமுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார், மட்டையில சேத்துத் தண்ணி ஊறின அடையாளம் அப்பிடியே இருந்துது. கணக்கு இருந்துது, காசும் வட்டியோட இருந்துது. தொகையைச் சொன்னன். அவர் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை, பிறகு "தம்பி, போட்ட நேரம் இதுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருப்பன்" எண்டார். இப்ப வட்டியோட சேத்தும் அதுக்கு ஒரு கண்டுக்குட்டி வராது.

கணக்காச் சொல்லுறதெண்டால், பிறந்த அண்டு 50,000 ரூபாய் போட்டு வருசம் 8 வீத வட்டி அப்பிடியே சேந்து வந்தா 18 வருசத்தில கிட்டத்தட்ட 2 லட்சம். கேக்க நல்லா இருக்கு. ஆனா சாமான் விலை வருசம் 5 வீதப்படி ஏறினாலே அந்த 2 லட்சம் இண்டைய காசில 83,000 தான். 2022ல என்ன நடந்தது எண்டு ஞாபகம் இருக்கும்தானே, 200 ரூபாய் இருந்த டொலர் 360க்குப் போய், செப்டெம்பரில பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அப்பிடி ஒரு வருசம் இடையில வந்தா பத்து வருச வட்டியை ஒரேயடியா விழுங்கிப்போடும். அதனால அரசாங்கம் செய்யிறதெண்டால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில போட்டிட்டுப் போகக்கூடாது, விலைவாசியோட சேந்து ஏறுற மாதிரி உத்தரவாதம் குடுக்கவேணும். இதை நான் வங்கிக்குள்ள இருந்துகொண்டுதான் சொல்லுறன்.

---

மாங்குளத்தான் (இப்ப ஹரோ)

ரீச்சர், இதை நான் ஒரு தகப்பனா அனுபவிச்சனான், அதனால கொஞ்சம் நீளமா எழுதிறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

இங்க இங்கிலாந்தில சைல்ட் ட்ரஸ்ட் ஃபண்ட் எண்டு ஒண்டு இருந்தது. 2002 செப்டெம்பர் 1க்கும் 2011 ஜனவரி 2க்கும் இடையில பிறந்த பிள்ளையளுக்கு. 2010ல குறைக்கும் வரைக்கும் எல்லாருக்கும் 250 பவுண்ஸுக்கு ஒரு வவுச்சர் வீட்டுக்கு வரும், வருமானம் குறைஞ்ச வீட்டுக்கு இன்னொரு 250. தாய் தகப்பன் ஒரு வருசத்துக்குள்ள கணக்குத் திறக்காட்டி அரசாங்கமே திறந்துவிடும், அதுதான் அந்தத் திட்டத்தில எனக்குச் சரியாப் பிடிச்ச இடம், ஏனெண்டால் நான் அப்ப பெற்றோல் செட்டில இரவு வேலை, அந்தக் கடிதத்தைப் பிரிச்சு வாசிக்கவே ஒரு மாசம் எடுத்தது. என்ர மகள் 2005ல பிறந்தவ, எங்களுக்கு 500 கிடைச்சது. பிள்ளைக்கு 7 வயசு வரேக்க இன்னொருக்காத் தருவம் எண்டவை, ஆனா 2010ல ஆட்சி மாறினவுடன செலவைக் குறைக்கிறம் எண்டு நிப்பாட்டிப்போட்டினம், அவவுக்கு அது வரேல்லை. நாங்கள் மாசம் 10 பவுண்ஸ் போட்டுக்கொண்டு வந்தம், 2009ல சண்டை இறுகின நேரம் கையில இருந்த சல்லிக்காசு எல்லாம் ஊருக்குத்தான் போனது, அதோட நிண்டிட்டுது. 18 வயசில அவ எடுக்கேக்க 1900 பவுண்ஸுக்குக் கிட்ட இருந்தது. அதில ஒரு லப்டொப் வாங்கினவ, கார் பழகினவ.

இப்ப மற்றப் பக்கத்தையும் சொல்லோணும். என்னோட வேலை செய்த ஒருவருக்கும் அதே வயசில பிள்ளை. ஆரம்பத்தில வருசம் 1200 பவுண்ஸ் வரைக்கும் தாய் தகப்பன் போடலாம் எண்டு சட்டம், அவரின்ர மனிசி கணக்காளர், ஒவ்வொரு வருசமும் முழுசாப் போட்டவை. அந்தப் பிள்ளை 18ல எடுத்தது வீட்டுக்கு முற்பணம் கட்டுற அளவு காசு. அரசாங்கத்திட்ட இருந்து எங்களுக்கு அவையை விட இரட்டிப்பாக் கிடைச்சது, முடிவில அவை எங்களை விடப் பலமடங்கு மேல. முதல் போடுறதை ஏழைக்குக் கூடப் போட்டாலும், பிறகு பெற்றார் போடுறதுக்குக் கதவைத் திறந்துவிட்டா இடைவெளி அதுக்குள்ளாலயே வளரும் எண்டுறதை நான் என்ர வீட்டில பாத்தனான்.

இன்னொண்டு. 2020 செப்டெம்பரில இருந்து முதல் பிள்ளையள் 18 ஆகி எடுக்கத் தொடங்கினவை. ஆனா 18 தாண்டியும் எடுக்காமல் கிடந்த கணக்கு 2025ல ஏழு லட்சத்துக்கு மேல இருந்தது, சராசரியா ஒவ்வொண்டிலயும் 2000 பவுண்ஸுக்கு மேல. எடுக்காமல் விட்டதுகளில கனபேர் வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளையள்தான், வீடு மாறி மாறிப் போனதில கடிதம் துலைஞ்சிருக்கும், தனக்கொரு கணக்கு இருக்கெண்டே தெரியாது. ஆருக்காகத் தொடங்கினதோ அவையிட்டப் போய்ச் சேரேல்லை. அறிவு வளர்ச்சி குறைஞ்ச பிள்ளையளின்ர தாய் தகப்பன் அந்தக் காசை எடுக்கக் கோட்டுக்குப் போய் நிண்டதும் நடந்தது. ரீச்சர், நீங்கள் திறக்கிறதெண்டால் பிள்ளைக்குத் தெரியவேணும், வருசத்துக்கு ஒருக்காவெண்டாலும் புத்தகத்தை அதின்ர கையில குடுத்து வாசிக்கப் பண்ணுங்கோ.

---

தருமபுரத்து அம்மா

நான் பெரிசாப் படிக்கேல்லை, போனில எழுதிப் பழக்கமும் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ரீச்சர் சொன்ன அந்தக் களை பிடுங்கிற தாய் மாதிரித்தான் நானும்.

எங்கட ஆக்கள் 77 கலவரத்தோட மலைநாட்டில இருந்து வன்னிக்கு வந்தவை. காட்டை வெட்டி இருந்தம், வாய்க்கால் தண்ணி பாயிற வயல் எங்களுக்கு இல்லை, மேட்டுக்காணிதான், அதுக்கும் கனபேருக்கு உறுதிப் பத்திரம் இல்லை. இரணைமடுவில தண்ணி நிறைஞ்சா மற்றவை சிறுபோகம் விதைப்பினம், நாங்கள் அவையின்ர வயலுக்குக் கூலிக்குப் போவம். சொத்து இடைவெளி எண்டு நீங்கள் எழுதிறதை நான் ஒவ்வொரு நாளும் காலமை கால்நடையாக் கடந்து போறன்.

என்ர மகனுக்கும் உண்டியல் இருந்தது, மண் உண்டியல், பரந்தனில வாங்கினது. கச்சான் வித்த காசு, அம்மம்மா குடுத்த காசு எண்டு போட்டுக்கொண்டு வந்தவன், ஒவ்வொரு நாளும் குலுக்கிப் பாத்திட்டுத்தான் படுப்பான். நான் நுண்கடன் எடுத்திருந்தனான், கிழமைக் கிழமை கட்டவேணும். ஒரு செவ்வாய்க்கிழமை கட்டக் காசு இல்லை, வந்தவர் படலையடியில கதிரை கேட்டு இருந்திட்டார், பொழுதுபடும் வரைக்கும் எழும்பேல்லை, அக்கம்பக்கம் எல்லாம் பாக்குது. நான் உள்ளுக்குப் போய்ச் சாக்கை விரிச்சு அதுக்கு மேல வைச்சு உண்டியலை உடைச்சன், சத்தம் கேக்கக்கூடாது எண்டு. 1,340 ரூபாய். மகன் பள்ளிக்கூடத்தால வந்து ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் எனக்கு இண்டைக்கும் தாங்கேலாமல் இருக்கு, அவன் கேக்கேல்லை.

அதனால நான் சொல்லுறன், பூட்டவேணும். நானும் உடைக்க ஏலாத மாதிரி, கடன்காரனும் தொட ஏலாத மாதிரிப் பூட்டவேணும். என்ர கையில இருந்தால் நான் திரும்பவும் எடுப்பன், எடுக்கத்தான் வேணும், வேற வழி இருக்காது. அரசாங்கம் 2018ல வரட்சி விழுந்த மாவட்டங்களில பொம்பிளையளின்ர ஒரு லட்சத்துக்குட்பட்ட நுண்கடனுகளைத் தள்ளினது உங்களுக்குத் தெரியும், அவ்வளவுக்கு நிலைமை கெட்டுப்போய் இருந்தது.

ஆனா ஒண்டு. வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும உதவிக்காசில கைவைச்சு இதைச் செய்யக்கூடாது. 2025ல இருந்து வறிய குடும்பத்துக்கு மாசம் 10,000, மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500, அதில ஒரு பங்கை வெட்டிப் பிள்ளையின்ர கணக்கில போடுறம் எண்டு ஆரும் கதைச்சா நான் முதல் ஆளா எதிர்ப்பன். முந்தி இருந்த சமுர்த்தி உதவிக்காசில கட்டாயச் சேமிப்பெண்டு வெட்டினவைதானே. 18 வயசில வாற காசுக்காக இண்டைக்கு ஒரு பிள்ளை வெறுந்தேத்தண்ணி குடிச்சிட்டுப் பள்ளிக்கூடம் போகக்கூடாது. இது வேற காசா இருக்கவேணும்.

---

வவுனியா கம்பஸ்

அம்மா எழுதினதை மூண்டுதரம் வாசிச்சன். நான் படிக்கிற பாடத்தில இதைப் பற்றிக் கனக்க வாசிச்சிருக்கிறன், ஆனா பூட்டு ஏன் வேணும் எண்டதை இவ்வளவு தெளிவா எந்தக் கட்டுரையிலயும் காணேல்லை.

ரீச்சர் கேட்டதுக்கு வாறன். இந்த யோசனையை இப்ப இருக்கிற வடிவத்தில முன்வைச்சது டரிக் ஹமில்டன், வில்லியம் டாரிட்டி எண்டு ரெண்டு அமெரிக்கப் பொருளியலாளர், 2010ல. அவையின்ர முக்கியமான பொயின்ற் என்னவெண்டால் சம்பளம் ஏறினா மட்டும் கறுப்பின, வெள்ளையின வீடுகளுக்கு இடையில இருக்கிற சொத்து இடைவெளி அடைபடாது, ஏனெண்டால் சொத்து தாய் தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்கிறது. அப்ப இறங்கிறதுக்கு ஒண்டுமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கம்தான் அந்த முதலைக் குடுக்கவேணும், சொத்துக் குறையக் குறையத் தொகை கூடவேணும். மாங்குளத்து அண்ணை சொன்ன கதையைப் பாத்தா ஏன் எண்டு விளங்கும்.

இதைச் சட்டமாக்கிச் செய்யிறது அமெரிக்காவில கனெக்டிகட் மாநிலம். 2021ல சட்டம் வந்தது, ஆனா காசு எங்கால எண்டு இழுபட்டு 2023லதான் தொடங்கினது. 2023 ஜூலை 1க்குப் பிறகு அரச மருத்துவ உதவியில பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், அதாவது வறிய வீட்டுப் பிள்ளைக்கு, 3,200 டொலர். ஆரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை, தானாப் பதியும். காசு மாநிலத் திறைசேரியின்ர கையில முதலீடாக் கிடக்கும், தாய் தகப்பன் போடவும் ஏலாது எடுக்கவும் ஏலாது. 18க்கும் 30க்கும் இடையில எடுக்கலாம், அதுவும் வீடு வாங்க, படிக்க, தொழில் தொடங்க, ஓய்வுகாலச் சேமிப்புக்கு மட்டும். இடைவெளி குறைஞ்சதோ எண்டு கேட்டீங்கள், நேர்மையாச் சொன்னா அந்தப் பிள்ளையள் இன்னும் உங்கட முன்பள்ளி வயசுதான், 2041லதான் முதல் பிள்ளை காசைத் தொடும்.

ஆனா வேறொரு இடத்தில கிடைச்ச விடை எனக்கு இன்னும் பெரிசாத் தெரியுது. ஒக்லஹோமாவில 2007ல பிறந்த பிள்ளையளில குலுக்கல் முறையில ஒரு பகுதிக்கு 1,000 டொலர் போட்டுக் கணக்குத் திறந்து, மற்றப் பகுதிக்குத் திறக்காமல் விட்டு ரெண்டையும் வருசக்கணக்காப் பாத்துக்கொண்டு வந்தவை. பிள்ளைக்கு நாலு வயசு வரேக்கயே வித்தியாசம் தெரிஞ்சுது. கணக்கு இருந்த பிள்ளையளின்ர தாய்மாருக்கு மனச்சோர்வு குறைவு, என்ர பிள்ளை படிக்கும் எண்ட எதிர்பார்ப்புக் கூட. பிள்ளையின்ர மனவளர்ச்சி, மற்றவையோட பழகிறது அதுகளும் நல்லா இருந்துது, அதுவும் வறிய வீட்டுப் பிள்ளையளிட்டக் கூடுதலா. அப்ப ஒரு சதமும் செலவழியேல்லை, காசு அப்பிடியே கிடந்தது.

இதுக்கு எதிர்ப்பக்கமா சிங்கப்பூரில நீ ஒரு டொலர் போட்டா நான் ஒரு டொலர் போடுறன் எண்டு அரசாங்கம் சொல்லும். முதல் கொடுப்பனவு எல்லாருக்கும் உண்டு, 2023ல அதை 5,000 சிங்கப்பூர் டொலராக் கூட்டினவை, ஆனா அதுக்கு மேல வாறது போட ஏலுமானவைக்குத்தான். அமெரிக்காவில 2025ல வந்த புதுச் சட்டமும் அப்பிடித்தான், 2025ல இருந்து 2028 வரைக்கும் பிறக்கிற எல்லாருக்கும் 1,000 டொலர், ஆனா வீட்டுக்காரர் வருசம் 5,000 வரைக்கும் போடலாம். தமிழ்நாட்டில 1992ல இருந்தே பொம்பிளைப் பிள்ளைக்கு அரசாங்கம் வைப்பிலிட்டு 18ல குடுக்கிற திட்டம் இருக்கு, ஒரு பிள்ளை எண்டால் 50,000 இந்திய ரூபாய், ரெண்டு பிள்ளை எண்டால் ஆளுக்கு 25,000. அதனால இது வெள்ளைக்காரன்ர பணக்கார நாட்டு வேலை எண்டு தள்ள ஏலாது.

எங்கட நாட்டில வருசத்துக்கு ரெண்டரை லட்சம் பிள்ளை பிறக்குது எண்டு வைச்சு ஆளுக்கு 50,000 போட்டாலும் 1,250 கோடி ரூபாய். பாதிப் பேருக்கு, தேவையானவைக்கு மட்டும் எண்டால் அதில பாதி. ஏற்கெனவே 2025 பட்ஜெட்டில தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளுக்கு மாசம் 5,000 எண்டு கொண்டுவந்தவை, அப்ப பிள்ளையின்ர பேரில காசு போகலாம் எண்டதை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டிட்டுது. நாங்கள் கேக்கிறது நியாயம்தான் ரீச்சர், கேக்கவேணும்.

---

வட்டக்கச்சி ரீச்சர்

எல்லாருக்கும் கனக்க நன்றி. அம்மா, உங்கட மகன் கேக்காமல் விட்டதை வாசிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் போனை வைச்சிட்டன்.

இப்ப எனக்கு ஓரளவு தெளிவு. சங்கக் கூட்டத்தில நான் இப்பிடிச் சொல்லலாம் எண்டு இருக்கிறன்: 23 பேருக்கும் ஒரே மாதிரிப் புத்தகம், ஒரே நாளில. திறக்கிற காசு சங்கம் போடும். அந்த 14 பேருக்கும் வருசாவருசம் கூடுதலாப் போடுறது சங்கத்துக்கும் வங்கிக்கும் மட்டும் தெரிஞ்சால் காணும், ஏழைப்பிள்ளைப் புத்தகம் எண்டு ஒரு பேர் ஊருக்குள்ள விழக்கூடாது. பிறகு பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம், இதை அரசாங்கம் எடுத்து நடத்தவேணும், அஸ்வெசுமவைத் தொடாமல், பிள்ளை பிறந்து பதியிற அண்டே கணக்கும் பதியிற மாதிரி. வெளிநாட்டுக் காசு எத்தினை வருசம் வரும் எண்டு ஆர் கண்டது, இது தருமத்தில ஓடுற விசயமா இருக்கக்கூடாது.

ஒரு சிக்கல். 14 பேரில ரெண்டு பிள்ளைக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரமே இல்லை. ஒண்டு அந்தச் சீலைத் தலைப்பைப் பிடிச்ச பிள்ளை.

---

கிளிநொச்சி வங்கித் தம்பி

அது இல்லாமல் ஒரு வங்கியிலயும் திறக்க ஏலாது ரீச்சர். பிறந்து மூண்டு மாசம் தாண்டினா காலங்கடந்த பதிவு எண்டு வேற வழியாப் போகவேணும், ஆஸ்பத்திரிப் பிறப்புத் துண்டு, கிளினிக் கொப்பி, கிராம சேவகரின்ர (ஜீஎஸ்) கடிதம் எண்டு கேப்பினம். தாய் நாட்கூலிக்குப் போறவ எண்டால் ரெண்டு மூண்டு நாள் கூலி போகும், அதுதான் கனபேர் விட்டிடினம். சங்கத்தால அந்த நாட்கூலியைக் குடுத்து ஆரையும் கூட அனுப்பினா முடிஞ்சிடும். கணக்கு நம்பரைப் புத்தகத்தில மட்டும் விடாமல் வேற ரெண்டு இடத்திலயும் எழுதி வையுங்கோ, ஒண்டு சங்கத்தில, ஒண்டு முன்பள்ளிப் பதிவேட்டில.

---

தருமபுரத்து அம்மா

ரீச்சர், நான் வாறன் அந்தத் தாயோட. எனக்கு ரெண்டு வருசத்துக்கு முதல் என்ர தங்கச்சியின்ர பிள்ளைக்கு இதே வேலைக்கு அலைஞ்ச பழக்கம் இருக்கு, எந்த மேசைக்கு முதல் போகவேணும் எண்டு தெரியும். புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கோ, அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, உள்ளுக்குப் பிறந்த திகதி எழுதின பக்கம் இருந்தால் காணும்.